நீங்கள் இருங்கோ, அம்மா

ஊரிலிருந்து தாய் தகப்பனைக் கூப்பிட்டு வைத்திருக்கும் எம்மவர் வீடுகளில் நாளுக்குப் பத்துத் தடவை கேட்கும் வசனம் ஒன்று உண்டு. "நீங்கள் இருங்கோ அம்மா, நாங்கள் செய்யிறம்." எங்கள் வீட்டிலும் அது பல வருடங்களாகக் கேட்டது. அன்பினால் சொன்னதுதான். அந்த அன்பு எங்கள் அம்மாவின் கால்களை என்ன செய்தது என்பதை, இப்போதுதான் பெற்றோரைக் கூப்பிட்டுக் குடியமர்ந்திருக்கும் குடும்பங்களுக்குச் சொல்லவேண்டும் என்று நினைத்தே இதை எழுதுகிறோம்.

எழுதுவது கணவனும் மனைவியுமாக இருவர். எங்களில் ஒருவருக்கு அவர் அம்மா, மற்றவருக்கு மாமி. இங்கே இருவருமே அம்மா என்றே எழுதுகிறோம்.

அம்மா 1948இல் வலிகாமத்தில் ஒரு தோட்டக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைந்த செம்மண். விடிய எழும்பி முற்றம் கூட்டுவதில் அவருடைய நாள் தொடங்கும். கிணற்றில் தண்ணீர் அள்ளி, அதே கிணற்றடியில் குந்தியிருந்து உடுப்புத் தோய்த்து, குசினிக்குள் நிலத்தில் இருந்து தேங்காய் திருவி, மாவிடிக்கும் நாட்களில் உலக்கை பிடித்து, பிறகு தோட்டத்தில் குனிந்து புல்லுப் பிடுங்கி... இதையெல்லாம் யாரும் உடற்பயிற்சி என்று சொல்லவில்லை. வீட்டுவேலை என்றுதான் சொன்னார்கள். ஒரு நாளில் எத்தனை தடவை நிலத்திலிருந்து எழும்பியிருப்பார் என்று அண்மையில் அம்மாவோடு இருந்து எண்ணிப் பார்த்தோம். நாற்பதைத் தாண்டியது.

1995 ஐப்பசி 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் வெளிக்கிட்டபோது, மழையில் நனைந்துகொண்டு நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்கு நடந்தவர்களில் அம்மாவும் ஒருவர். அப்பா சைக்கிளை உருட்ட, கரியரில் இருந்த அம்மம்மாவை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, தலையில் அரிசிப் பையுடன் விடியும்வரை நடந்தார். அப்போது அவருக்கு வயது 47.

அப்பா காலமானபின், 2010இல் அம்மா ரொறன்ரோவுக்கு வந்தார். ஸ்காபரோவில் எங்கள் வீடு. பேத்திக்கு அப்போது இரண்டு வயது. பிள்ளையைத் தூக்கி, குளிப்பாட்டி, பின்னால் ஓடித் திரிந்த அந்த முதல் இரண்டு மூன்று வருடங்களில் அம்மாவின் உடம்புக்கு ஒரு குறையும் வரவில்லை. பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் அம்மா குசினிக்குள் இறங்கினார். ஒருநாள் தாளிக்கும்போது எண்ணெய் தெறித்துக் கை சுட்டுவிட்டது. அன்றோடு, "இனி நீங்கள் அடுப்படிப் பக்கம் வரவேண்டாம்" என்று சொல்லிவிட்டோம். பிறகு பனிக்காலம். சறுக்கி விழுந்துவிடுவார் என்ற பயத்தில் கார்த்திகை தொடக்கம் சித்திரைவரை வெளியே போக விடவில்லை. உடுப்புக் கூடையைத் தூக்க விடவில்லை. படி ஏறவேண்டாம் என்று அவருடைய கட்டிலைக் கீழ்த்தட்டுக்குக் கொண்டுவந்தோம். கடைசியாக, மடித்த சம்பளக் காசில் நல்ல ஆழமான, மெத்தென்ற சோபா ஒன்றை வாங்கி ரீவிக்கு முன்னால் போட்டோம். "அம்மாவை ராணி மாதிரி வைச்சிருக்கிறியள்" என்று வந்தவர்கள் சொன்னபோது எங்களுக்குப் பெருமையாக இருந்தது.

2023 தை மாதம் அம்மாவுக்குக் கடும் காய்ச்சல் வந்தது. இரண்டு கிழமை படுக்கை. கஞ்சியைக் கட்டிலுக்கே கொண்டுபோய்க் கொடுத்தோம். காய்ச்சல் மாறியது. மாசியில் ஒரு நாள், நாங்கள் இருவரும் வேலையில், பிள்ளை பள்ளிக்கூடத்தில். அம்மா குளியலறையில் கால் மடிந்து நிலத்தில் இருந்துவிட்டார். அடிபடவில்லை. எலும்பு முறியவில்லை. ஆனால் எழும்ப முடியவில்லை. ரெலிபோன் ரீவிக்குப் பக்கத்தில். மூன்று மணித்தியாலம் அந்தக் குளிர்ந்த நிலத்தில் இருந்திருக்கிறார். பிள்ளை வந்துதான் கண்டது.

அன்று இரவு அம்மா ஒன்றும் சாப்பிடவில்லை. "கால் என்ரை சொல்லுக் கேக்குதில்லை மோனை" என்று மட்டும் சொன்னார். விழுந்ததைவிட, பேத்தி தன்னை அந்தக் கோலத்தில் கண்டதுதான் அவரை வருத்தியது.

குடும்ப வைத்தியர் இரத்தம் சோதித்து, இருதயம் பார்த்து, மருந்துகளையும் சரிபார்த்தபின் பிசியோதெரபிக்கு அனுப்பினார். அங்கே இருந்த பெண் ஒரு சாதாரணக் கதிரையைச் சுவரோடு வைத்தார். கைகளை நெஞ்சில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 செக்கனில் எத்தனை தடவை எழும்பி இருக்க முடியும் என்று பார்க்கும் சோதனை அது. அம்மாவின் வயதுக்கு, அதாவது 75 முதல் 79 வரையான பெண்களுக்கு, 10க்குக் குறைந்தால் கால்பலம் குறைவு, விழும் ஆபத்து உண்டு என்று கணக்கு. கையை ஊன்றினால் சேர்த்தியில்லை. அம்மா மூன்று தரம் எத்தனித்தார். மூன்று தரமும் கை தானாகக் கதிரைப் பிடியைத் தேடியது. கிடைத்த புள்ளி சைபர்.

பிறகு அந்தப் பெண் கேட்டார், வீட்டில் அம்மா என்ன வேலை செய்வார் என்று. அம்மாவுக்கு மொழிபெயர்க்காமலே நாங்கள் பதில் சொன்னோம், "நாங்கள் ஒன்றும் செய்ய விடுவதில்லை." அம்மாவுக்கு அந்தளவு ஆங்கிலம் விளங்கும். "என்னைச் செய்ய விடுகினமில்லை எண்டு சொல்லு" என்றார். அதையும் நாங்களே மொழிபெயர்த்துச் சொல்லவேண்டியதாயிற்று.

அதன்பிறகு நாங்கள் அறிந்துகொண்ட விடயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

முப்பது வயதைத் தாண்டியபின் பத்து வருடங்களுக்கு 3 முதல் 8 வீதம்வரை தசை குறைந்துகொண்டு போகிறது என்பது பொதுவான கணிப்பு. அறுபதுக்குப் பிறகு இது இன்னும் வேகமாகிறது. தசை குறைவதைவிடப் பலம் வேகமாகக் குறைகிறது. தசைநார்கள் மெலிவதோடு, அவற்றை இயக்கும் நரம்புகளும் குறைந்துபோவதே காரணம். அதிலும் முதலில் மெலிவது வேகமாக இயங்கும் நார்கள். கால் இடறும்போது சட்டென்று மற்றக் காலை முன்னே வைத்து எங்களைக் காப்பாற்றுவது அவைதான். கனடாவில் முதியவர்கள் காயப்பட்டு வைத்தியசாலையில் சேர்வதற்கு முதற் காரணம் விழுதல் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். இந்தத் தசை இழப்புக்கு அமெரிக்க ஆய்வாளர் இர்வின் ரோசன்பேர்க் 1989இல் 'சார்கோபீனியா' என்று பெயர் வைத்தார். சதைக் குறைவு என்பதுதான் அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள்.

எங்களைத் திடுக்கிட வைத்தது இன்னொன்று. சுகதேகிகளான முதியவர்கள் சிலரைப் பத்து நாட்கள் படுக்கையிலேயே வைத்து 2007இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. அந்தப் பத்து நாட்களில் அவர்களின் கால்களிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோ சதை போயிருந்தது. எங்கள் அம்மா படுத்தது பதினான்கு நாள், அதுவும் காய்ச்சலோடு. கஞ்சியைக் கட்டிலுக்குக் கொண்டுபோனது யார்? நாங்கள்தான்.

தசை நடப்பதற்கு மட்டுமல்ல. சாப்பாட்டுக்குப் பிறகு இரத்தத்தில் ஏறும் சீனியில் பெரும்பகுதியை உள்ளே எடுத்துக்கொள்வது தசைதான். எம்மவரிடையே சலரோகம் எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரியும். தென்னாசியர்களாகிய எங்களுக்கு, மெல்லிய உடம்பாகத் தெரிந்தாலும் தசை குறைவாகவும் கொழுப்பு அதிகமாகவும் இருப்பது பொதுவான அமைப்பு. "ஆள் மெல்லிசு, ஒரு வருத்தமும் வராது" என்று நாங்கள் சொல்லிக்கொள்வது பிழை.

இனி நல்ல செய்தி. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கேட்டுப் பழகியவர்கள் நாங்கள். 1990இல் மரியா ஃபியாற்றரோன் என்ற பெண் மருத்துவரும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில், முதியோர் பராமரிப்பு நிலையமொன்றில் இருந்த 86 முதல் 96 வயதுவரையான பத்துப் பேருக்குத் தொடைத் தசைக்குப் பாரம் தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். எட்டுக் கிழமைகள். முடித்தவர்களின் தொடைப் பலம் சராசரியாக இரண்டரை மடங்குக்கும் மேலாயிற்று. இருவர் கைத்தடியை விட்டுவிட்டு நடந்தார்கள். தொண்ணூறு வயதுத் தசையும் சொல்லுக் கேட்கும். ஆனால் அதற்கு வேலை கொடுக்கவேண்டும்.

எங்கள் வீட்டில் செய்ததைச் சொல்கிறோம். இது மருந்துச் சீட்டு அல்ல. இருதய வருத்தம், பிரஷர், மூட்டு வருத்தம் உள்ளவர்கள் முதலில் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளவேண்டும். நெஞ்சு நோ, தலைச்சுற்று, மூச்சு முட்டல் வந்தால் உடனே நிறுத்தவேண்டும்.

முதலாவது, கதிரை. சாப்பாட்டு மேசைக் கதிரை ஒன்றைச் சுவரோடு ஒட்டி வைத்து, அதன்மேல் இரண்டு தடித்த குஷன் போட்டோம். உயரத்திலிருந்து எழும்புவது சுகம். எழும்புவது, பிறகு மூன்று எண்ணிக்கொண்டு மெதுவாக இருப்பது. இருக்கும்போது தொப்பென்று விழாமல் இருப்பதிலேயே பாதிப் பயன் உண்டு. ஐந்து தடவை, நாளுக்கு மூன்று முறை. சுகமாக வரத் தொடங்கியதும் ஒரு குஷனை எடுத்தோம். பிறகு மற்றதையும் எடுத்தோம்.

இரண்டாவது, குசினி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு குதிக்காலை உயர்த்தி நுனிக்காலில் நிற்பது. மூன்றாவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது. நான்காவது, கைப்பிடியைப் பிடித்தபடி கீழ்ப்படியில் ஏறி இறங்குவது. ஐந்தாவது, ஒவ்வொரு கையிலும் ஒரு கிலோ பருப்புப் பை உள்ள சாமான் பையைத் தூக்கிக்கொண்டு முன் அறைக்கும் குசினிக்கும் நடப்பது. பருப்பு பிறகு இரண்டு கிலோவானது. ஆறாவது, விளிம்பைப் பிடித்தபடி ஒரு பாதத்துக்கு முன்னால் மற்றப் பாதத்தை வைத்து நின்று சமநிலை பழகுவது. இவற்றை ஒன்றுவிட்டொரு நாள் செய்தோம். மூச்சை அடக்காமல், எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்லவேண்டும். கடைசி இரண்டு தடவை கஷ்டமாக இருக்கவேண்டும். கஷ்டமே இல்லை என்றால் பாரம் காணாது. முழுக்க முழுக்கச் சுகமாக இருப்பது தசைக்குப் பயிற்சியல்ல என்று அந்தப் பிசியோதெரபிப் பெண் திரும்பத் திரும்பச் சொன்னார்.

எல்லாம் நேராக நடந்தது என்று நினைக்கவேண்டாம். முதல் கிழமை அம்மா மறுத்துவிட்டார். "இந்த வயதிலை எனக்கு என்ன எக்சசைஸ்? பாக்கிற சனம் சிரிக்கும்." நாங்கள் அவசரப்பட்டு எண்ணிக்கையைக் கூட்ட, முழங்கால் வீங்கி நாலு நாள் நிறுத்தவேண்டி வந்தது. வைத்தியர் சொன்னார், தசையில் ஓரிரு நாள் உளைவு இருப்பது வழமை, மூட்டில் நோவும் வீக்கமும் வருவது எச்சரிக்கை என்று. அதன்பிறகு வழி கண்டுபிடித்தது பேத்திதான். பள்ளிக்கூடத்தால் வந்ததும் அம்மம்மாவுக்கு எதிரே இன்னொரு கதிரையைப் போட்டுத் தானும் எழும்பி இருந்து, தமிழில் எண்ணத் தொடங்கினாள். அவள் பதினொன்றையும் பன்னிரண்டையும் மாறிச் சொல்ல, அம்மா திருத்த, பயிற்சி நடந்துகொண்டே போனது. பேத்திக்குத் தமிழ் எண்ணும் வந்தது.

சாப்பாட்டையும் பார்த்தோம். காலையில் இரண்டு துண்டு பாணும் தேத்தண்ணியும், மத்தியானம் சோறும் ஒரு மரக்கறியும், இரவு இடியப்பமும் சம்பலும். வயிறு நிரம்பும். புரதம் எவ்வளவு? எழுதிக் கூட்டினால் முப்பது கிராம் தேறவில்லை. முதியவர்களுக்கு உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம்வரை வேண்டும் என்று நிபுணர்கள் சொல்கிறார்கள். 50 கிலோ நிறையுள்ள அம்மாவுக்கு 50 முதல் 60 கிராம். வயது போகப் போக, அதே தசையைக் காக்க ஒவ்வொரு வேளையும் கூடப் புரதம் தேவைப்படுகிறது.

அதற்காகப் பெட்டியில் வரும் மாவுகளை வாங்கவில்லை. காலையில் ஒரு முட்டை, அது 6 கிராம். ஒரு கோப்பை பால், 8 கிராம். மத்தியானம் உள்ளங்கையளவு மீன், 20 கிராம் வரும். பின்னேரம் அரைக் கோப்பை அவித்த கடலை, 7 கிராம். வெள்ளிக்கிழமையும் விரத நாட்களிலும் மீனுக்குப் பதிலாகத் தடிப்பாகக் காய்ச்சிய பருப்பு, பயறு, தயிர், சோயா. சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக்கூடாது. அம்மாவுக்குச் சலரோகம் இருந்தபடியால் நாங்களும் முதலில் கேட்டோம். விற்றமின் டி பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் தோல் நிறத்துக்கும் இந்த நாட்டு மாரிக்கும் வெயில் காணாது.

ஆனால் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம், குசினியை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்ததுதான். தேங்காய் திருவுவதும் மரக்கறி வெட்டுவதும் மத்தியானப் பருப்புக் காய்ச்சுவதும் இப்போது அவருடைய வேலை. காய்ந்த உடுப்பை அவரே படியால் கொண்டுபோவார், ஒரு கை பிடியில், ஒரு தரத்துக்குக் கொஞ்சமாக. குளியலறையில் பிடி பூட்டினோம். வழுக்கும் கால்விரிப்புகளை எடுத்தோம். சட்டைப் பைக்குள் ரெலிபோன் வைத்துக்கொள்ளப் பழக்கினோம். அந்தச் சோபாவைக் கீழ் அறைக்கு இறக்கினோம். நடந்த கால் சீதேவி, இருந்த கால் மூதேவி என்று ஊரில் சும்மா சொல்லவில்லை.

மூன்று மாதத்தில், வைகாசியில், அதே சோதனை. கை கட்டியபடி 5. ஆவணியில் 8. பத்து வரவில்லை, இன்றுவரை 9க்கு மேல் போகவில்லை. ஆனால் நிலத்தில் இருந்துவிட்டால் எப்படிப் புரண்டு, முழங்காலில் வந்து, கதிரையைப் பிடித்து எழும்புவது என்று பழகியிருக்கிறார். அதைக் குளியலறை வாசலில் வைத்தே பழகினார். அந்தப் பயம் போனதுதான் பெரிய காரியம். அந்தக் கோடையில் கோவிலிலும் பின்வரிசைக் கதிரைக்குப் போகவில்லை. நிலத்தில் இருந்தார். எழும்பும்போது ஒரு கை முழங்காலில், மற்றக் கை பேத்தியின் தோளில்.

இதற்கிடையில் எங்களையும் அந்தக் கதிரையில் இருத்திப் பார்த்தோம். இருவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. ஒருவருக்கு நாள் முழுக்க வாகனம் ஓடும் வேலை. அவரால் 30 செக்கனில் 12 தடவைதான் எழும்ப முடிந்தது. அறுபது முதல் 64 வயது ஆண்களுக்கே 14க்குக் கீழே குறைவு என்று கணக்கு! மற்றவருக்குத் தொழிற்சாலையில் எட்டு மணித்தியாலம் நின்ற வேலை. "நாங்கள் வேலையில முறியிறம், இதுக்கு மேல என்ன பயிற்சி" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். ஒரே இடத்தில் நிற்பது களைப்பைத் தரும், பலத்தைத் தராது. பெரியவர்கள் எல்லோரும் கிழமையில் குறைந்தது இரண்டு நாட்களாவது பெரிய தசைகள் எல்லாவற்றுக்கும் பலப்பயிற்சி செய்யவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது. 65 வயதைத் தாண்டியவர்கள் கிழமைக்கு மூன்று நாட்களாவது சமநிலைப் பயிற்சியோடு பலப்பயிற்சியும் சேர்த்துச் செய்வது நல்லது என்கிறது. இப்போது இரவுச் சாப்பாட்டுக்கு முன் எங்கள் வீட்டில் நாலு கதிரை சுவரோடு நிற்கும். பத்து நிமிடம் போதும். இரண்டு வேலை செய்பவர்களுக்கும் பத்து நிமிடம் கிடைக்கும்.

புதிதாக வந்திருக்கும் குடும்பங்களே, பெற்றோரைக் கூப்பிட்டு வைத்திருப்பவர்களே, நாங்கள் விட்ட பிழையை நீங்கள் விடவேண்டாம். விமான நிலையத்தால் வீட்டுக்கு வந்த முதற் கிழமையே அவர்களுக்கென்று ஒரு வேலையை ஒப்படையுங்கள். பனி காலத்துக்கு நல்ல பிடியுள்ள சப்பாத்து வாங்கிக் கொடுங்கள். பாதை உறைந்திருக்கும் நாட்களில் கடைத்தொகுதிக்குள் கூட்டிக்கொண்டு போய் நடக்க விடுங்கள். உங்கள் பகுதிச் சமூக நிலையத்தில் முதியோருக்கான வகுப்பு உண்டா என்று கேளுங்கள். ஊரில் தோட்டம் செய்தவருக்கு வீட்டுப் பின்பக்கத்தில் நாலு கத்தரிக் கன்று வைக்க இடம் விடுங்கள். காய்ச்சலில் படுத்தாலும், வைத்தியர் சம்மதித்தால், சாப்பாட்டுக்காவது மேசைக்கு எழும்பி வரச் சொல்லுங்கள்.

நேற்றுக் காலை அம்மா அரிசிப் பையை இழுத்துக்கொண்டிருந்ததைக் கண்டு, பழைய பழக்கத்தில் வாய் தவறி வந்துவிட்டது.

"நீங்கள் இருங்கோ அம்மா."

அம்மா நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "இருந்தது காணும் மோனை" என்றார்.